பெறுபவர் காலமாகவில்லை

கோவில்பதாகை,
வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பெருமதிப்பிற்குரியவரும், இன்றைய தேதியில் முழு உயிரோடு இருப்பவரும், இனியும் நெடுங்காலம் அப்படியே இருக்கப்போகிறவருமான என் தாய்மாமன் திரு. திருவேங்கடம் அவர்களின் பாதங்களைத் தொட்டு, கவிப்பிரியா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீங்கள் சௌக்கியம் என்பது எனக்கும் அத்தைக்கும் தெரியும், ஊருக்குத்தான் இன்னும் முழுசாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்பதை முதல் பத்தியிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் நான் போட்ட கடிதம் நேற்று திரும்பி வந்தது மாமா. உறையின் மேல் சிவப்பு மையில் "பெறுபவர் காலமானார், அனுப்பியவருக்கே திருப்புக" என்று எழுதி, அடியில் தேதியும் போட்டிருந்தது. முப்பத்தெட்டு வருடம் தபால் பட்டுவாடா செய்தவரின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? 'கா'வுக்கு இவ்வளவு நீளமாகக் கால் இழுக்கிறவர் திருமுல்லைவாயிலில் நீங்கள் ஒருவர்தான். அது மட்டுமில்லை, உறையின் வாய் ஒருமுறை பிரிக்கப்பட்டுச் சோற்றுப் பருக்கையால் மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. ஒரு பருக்கை முழுசாகவே இருந்தது. ஆகவே படித்துவிட்டுத்தான் இறந்திருக்கிறீர்கள். படித்து முடித்து, "மன்னிப்பு கேக்குறாளே தவிர இன்னா நடந்துச்சுன்னு ஒரு வரி சொல்றாளா பாரு" என்று அத்தையிடம் குறைப்பட்டீர்களாம். அத்தை போனில் சொன்னார். பின்னாலிருந்து உங்கள் குரலும் கேட்டது: "நான் பூட்டேன்னு சொல்லு. பூட்டவன் எங்கனா ஃபோன்ல பேசுவானா?" சரி, நேரில் வந்தேன். நீங்கள் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் படித்தீர்கள். அது வரி விளம்பரப் பக்கம். அதனால்தான் இந்த இரண்டாவது கடிதம். கையில் கடிதம் என்று ஒன்று வந்தால் பிரிக்காமல் இருக்க உங்களால் முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் பூந்தமல்லியில் வேலை பார்க்கும் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் இப்போது அட்டையோடு சேர்த்து இணையப் பத்திரிகையும் போட்டுக் கொடுக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர்கள் உறவினர் பட்டியலைக் கொடுப்பார்கள், நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஆளுக்கு ஒரு ரெக்கார்டு. பெயர், உறவு, ஊர், வேலை, இல்லாமல் போனவர் என்றால் அந்தத் தேதி. அதையெல்லாம் எடுத்துத் திரையில் அழகாகக் காட்டுகிற பகுதிக்கு வியூ என்று பெயர். அது காட்டினால் போதும். ஆனால் நம் ஊரில் பெயரை மட்டும் காட்டினால் யார் விடுவார்கள்? திரு வேண்டும், திருமதி வேண்டும், கல்யாணமாகாத பிள்ளைக்குச் செல்வன் வேண்டும், காலமானவருக்குத் தெய்வத்திரு வேண்டும். பூந்தமல்லி பாய் வீட்டுப் பத்திரிகை என்றால் ஜனாப் வேண்டும், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவருக்கு அல்ஹாஜ் வேண்டும், மறைந்தவருக்கு மர்ஹூம் வேண்டும். இத்தனையையும் அந்த வியூவுக்குள்ளேயே நான் எழுதி வைத்திருந்தேன். இவர் ஆணா, ஆம் என்றால் கல்யாணம் ஆனவரா, ஆகவில்லை என்றால் வயது என்ன, இருக்கிறாரா, இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு 'இஃப்'. மொத்தம் பதினோரு இஃப், ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று. பக்கம் ஒவ்வொருவருக்கும் உரிய அடைமொழியைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும், பெயரோடு சேர்த்துக் காட்டியதும் கையைக் காலி செய்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போகும். இப்படியே இரண்டு வருடமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. நடுவில் ஒருமுறை, ஐந்து பிள்ளை பெற்ற ஷரீஃபுன்னிசா அம்மாவைச் 'செல்வன்' ஆக்கிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளாமல், அந்தப் பக்கத்தை மருமகள்களுக்கெல்லாம் அனுப்பினார். எல்லாரும் அவரைப் போலவே இருப்பார்கள் என்று நினைத்தது என் தப்பு.

என் சொந்தக் கல்யாணப் பத்திரிகையையும் அதே வியூவில்தான் போட்டேன். மணமகன் பரத், மணமகள் நான், முதல் வரியில் என் அம்மா அப்பா, அதற்கு அடுத்த வரியில் தாய்மாமன் நீங்கள். உங்களை முதலில் போட்டுத்தான் மற்ற உறவையெல்லாம் போட்டேன் என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். மழை வரப்போகிற வெளிச்சம். பருத்திப்பட்டு ஏரி பக்கம் வந்தபோது தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. எனக்கு அந்த மாதிரி நேரத்தில் கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டேன். சின்ன வயதில் நீங்கள்தான் சொல்வீர்களே, "இவளுக்கு ஸ்டாம்பு ஒட்டிக்கீது, ஆனா விலாசம் இல்ல" என்று. அப்படி இருந்தபோது அந்தப் பக்கத்தை ஒருதரம்கூடத் திறந்து பார்க்காமல் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். நூற்று நாற்பத்து மூன்று பேர் மாமா. பஸ் பூந்தமல்லிக்குள் நுழைந்து மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஊர்வதற்குள் எழுபது பேர் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்களில் ஒருவர்கூட மணமகளுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. எல்லாரும் கும்பிடும் கையும் அழுகிற முகமுமாகப் போட்டிருந்தார்கள். என் கல்யாணம் அவ்வளவு துக்கமான விஷயமா என்று யோசித்துக்கொண்டே திறந்து பார்த்தால், "தாய்மாமன்: தெய்வத்திரு திருவேங்கடம்".

அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் நடந்ததை அத்தை சொல்லித்தான் தெரியும். நீங்கள் லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறீர்கள். போன் சத்தம் கேட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்துவிட்டு, "ஏன்டி, நான் எப்போ செத்தேன்? எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அத்தையைக் கேட்டிருக்கிறீர்கள். அத்தை பதில் சொல்வதற்குள் அம்பத்தூரிலிருந்து ஒரு வேன் வந்துவிட்டது. இறங்கும்போதே ஒப்பாரியோடு இறங்கியவர்கள் கீரைக்கு நடுவே உங்களைப் பார்த்ததும் பாட்டை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பாதி வரியில் நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு அத்தனை பேருக்கும் காபி போட வேண்டியிருந்தது. பால் இல்லை. உங்கள் பழைய சகா அமல்ராஜ் சார், அந்தக் காலத்தில் உங்களுக்குப் பக்கத்துத் தெருக்களில் தபால் போட்டுச் சைக்கிள் மிதித்தவர், ஐந்தடி உயரத்துக்கு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தாராம். வாங்கிய மாலையைத் திருப்பிக் கொண்டுபோக மனசு வராமல், "அண்ணாத்தே, கொஞ்சம் குனி" என்று உங்கள் கழுத்திலேயே போட்டுவிட்டாராம். "டேய், உசுரோட கீறவனுக்கு இன்னாடா மாலை?" என்று நீங்கள் கத்த, அவர், "இப்பவே போட்டுக்கோ, அப்பால நான் கீறனோ இல்லியோ" என்று அழுதாராம். அத்தை இதைச் சொல்லும்போது சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை என்பதையும் சொன்னார். அன்றைக்கு மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "செத்தவன் கல்யாணத்துக்கு வர மாட்டான்" என்று சொன்னவர்தான், இதுவரை அந்த வார்த்தையை மாற்றவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து, போனில் படம் பிடித்து வைத்திருந்த அந்தப் பக்கத்தை அம்மாவிடம் நானே காட்டினேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். உங்கள் பெயர் இருக்கும் இடத்தைத் தாண்டி மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

அச்சகத்தை நடத்துகிற ஃபாரூக் அண்ணன்தான் பக்கத்தை உடனே இறக்கி வைத்தார். பிறகு என் வியூவைத் திறந்து கொஞ்ச நேரம் படித்தார். "இன்னாம்மா இது, வியூவா இல்ல செக்போஸ்ட்டா?" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணத்துக்கு வர்றவன் வாசல்ல நின்னுகினு சட்ட மாட்டுவானா? ஊட்லயே மாட்டிகினு தானே வருவான்? நீ இன்னாடான்னா, வாசல்ல பன்னீர் தெளிக்கிற பொண்ண புட்ச்சி, வர்றவனுக்கெல்லாம் பொத்தான் போட்டுவுடுன்னு சொல்லிகீறே. அது எத்தினி பேருக்குப் போடும்? ஒருத்தன் பொத்தான் இன்னொருத்தனுக்குத்தான் போவும்."

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அச்சு இயந்திரம் பக்கத்து அறையில் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நான் கீபோர்டு மேல் கை வைத்தபடியே தூங்கிவிட்டேன். கனவில் நம் மண்டப வாசல். பன்னீர்ச் செம்போடு நிற்பது நான்தான். வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, நீங்கள் ஆணா, கல்யாணம் ஆகிவிட்டதா, ஹஜ்ஜுக்குப் போனீர்களா, இருக்கிறீர்களா என்று பதினோரு கேள்வி கேட்கிறேன். வரிசை ஆவடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிற்கிறது. உள்ளே சாம்பார் ஆறுகிறது, நாதஸ்வரக்காரர் சீவாளியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். யாரும் என்மேல் கோபப்படவில்லை. எல்லாரும் மழைக்குள் ஏரித்தண்ணீர் மாதிரி மங்கலாக, பொறுமையாக நிற்கிறார்கள். கடைசியில் நீங்கள் வருகிறீர்கள், பழைய காக்கிச் சட்டையில், தோளில் பையோடு. நான் கேள்வியை ஆரம்பிப்பதற்குள் நீங்களே, "நான் பொண்ணுக்கு மாமன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். ஒரே வார்த்தை. எனக்குப் பன்னீர் தெளிக்கிற வேலை மட்டும்தான் மிச்சம். விழித்தபோது திரையில் 'க' என்ற எழுத்து நான்கு பக்கத்துக்கு விழுந்திருந்தது. ஆனால் மனசு லேசாக இருந்தது.

ஃபாரூக் அண்ணன் சொன்னதும் அதுதான் என்று அப்போது புரிந்தது. அதற்கு டெகரேட்டர் என்று பெயர் மாமா. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நீங்கள் வீட்டில் லுங்கியும் பனியனுமாக இருப்பீர்கள். காக்கியை மாட்டிக்கொண்டு இறங்கினால் தெருவே "போஸ்ட்மேன் சார்" என்று எழுந்து நிற்கும். உள்ளே இருப்பவர் அதே ஆள்தான், ஒரு மயிரிழைகூட மாறவில்லை. அந்தக் காக்கிதான் டெகரேட்டர். ரெக்கார்டைத் தொடாமல் அதன்மேல் மெல்லிசாக ஒரு சட்டை போட்டுவிடுகிறோம். எப்படி அழைக்க வேண்டும், தேதியை எப்படி எழுத வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சட்டைக்குத் தெரியும். ஊர், உறவு மாதிரி மற்ற எதையாவது கேட்டால் சட்டை வாயை மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கும் ஆளே பதில் சொல்வார். இருப்பவருக்கு ஒரு சட்டை, ஹாஜியாருக்கு ஒரு சட்டை, மறைந்தவருக்கு ஒரு சட்டை. வியூ இனிமேல் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று ஒரே ஒரு கேள்வி, வருகிற பதிலை அப்படியே காட்டிவிட வேண்டியது. நூற்று நாற்பது வரி இருந்த வியூ இப்போது ஒன்பது வரி. நான் அதைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுவி விட்ட முற்றம் மாதிரி அவ்வளவு சுத்தம்.

ஆகவே மாமா, உங்களைக் கொன்றது நான் இல்லை, அந்தப் பதினோரு இஃப்களில் ஏதோ ஒன்று. எது என்று நானும் இன்றுவரை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். மழை வேறு, கரண்டு வேறு இரண்டு முறை போய் வந்தது, ஃபாரூக் அண்ணனும் பக்கத்தை அனுப்பும் முன் ஒருமுறை பார்த்திருக்கலாம். போகட்டும். பக்கம் இப்போது புது டெகரேட்டரோடு சரியாகிவிட்டது, ஊர் முழுக்கப் போயும் சேர்ந்துவிட்டது. அதில் நீங்கள் நல்ல தடித்த எழுத்தில் 'திரு' என்று உயிரோடு இருக்கிறீர்கள். ஆகவே கோபத்துக்கு இனிமேல் காரணமே இல்லை. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி நீங்கள் வந்து என் நெற்றியில் பட்டம் கட்டிக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் நான் மேடை ஏறமாட்டேன். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். "எங்கண்ணன் வரலைன்னா மண்டபத்துக்கு ஏன்டி பூட்டு தொறக்கணும்?" என்றாள். பரத்திடம் இதைச் சொன்னேன். அவர், "மாமா வர வரைக்கும் நான் சாப்புடலாமா?" என்று மட்டும் கேட்டார். நல்ல பிள்ளை மாமா, உங்களுக்குப் பிடிக்கும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். அமல்ராஜ் சாருக்கு என் வணக்கத்தையும், மாலைக்கு என் நன்றியையும் சொல்லவும். ஆணியில் இருக்கும் மாலை இந்நேரம் காய்ந்திருக்கும், தூக்கிப் போட்டுவிடுங்கள், அதைப் பார்த்துப் பார்த்துக் கோபம் வளர்க்க வேண்டாம். நீங்களும் அத்தையும் நூறு வருடம், நோய்நொடி இல்லாமல், வாட்ஸ்அப்பிலும் வெளியிலும் ஒருசேர வாழ வேண்டும் என்று உங்கள் சுவாமியையே வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகள்,
கவிப்பிரியா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போனேன், கை வரவில்லை. மேலே எழுதியதில் பாதி பொய் மாமா. எந்த இஃப் என்று எனக்குத் தெரியும். அது பதினோரு இஃப்பில் சேராது. பன்னிரண்டாவது. பத்திரிகையைப் போட்ட அன்றைக்கு நான் என் கையாலேயே எழுதியது. முதல் வரியில் "தெய்வத்திரு மோகன்" என்று வந்தது. இரண்டு வருடமாக அந்த வார்த்தையை நான் யாருக்கெல்லாமோ போட்டிருக்கிறேன், அப்பா பெயருக்கு முன்னால் பார்த்ததில்லை. என் கல்யாணப் பத்திரிகையில் அதைப் பார்க்க முடியவில்லை. "இவர் கவிப்பிரியாவின் அப்பா என்றால் அடைமொழியைக் காட்டாதே, வெறும் 'திரு' போதும்" என்று ஒரு வரி சேர்த்தேன். அது காட்டவில்லை. ஆனால் கையைக் காலி செய்யவும் இல்லை. எடுத்து வைத்த தெய்வத்திரு கையிலேயே நின்று, அடுத்த வரியில் வந்த உங்கள்மேல் போய் விழுந்தது. அம்மா மேலே பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் 'திரு'வைத்தான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். முப்பத்தெட்டு வருடம் விலாசம் படித்தவர், மேல்வரியைப் படிக்காமல் கீழ்வரிக்கு வந்திருக்கமாட்டீர்கள். பார்த்தும் யாரிடமும் சொல்லாமல், என்னைக் காட்டிக்கொடுக்காமல், உங்கள் சாவைப் பற்றியே கத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.

இன்னொரு பொய், பக்கம் சரியாகி ஊருக்குப் போய்விட்டது என்றது. போகவில்லை. எல்லாம் தயாராக இருக்கிறது, ஒரே ஒரு பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு நாளாக ஃபாரூக் அண்ணன், "நீயே அமுக்கும்மா, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதை அழுத்தினால் அந்த நிமிஷமே நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள், அப்பா போய்விடுவார். சட்டைதான் மாறுகிறது, உள்ளே இருப்பவர் அதே ஆள்தான் என்று உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன், என் விரல் அதை நம்பமாட்டேன் என்கிறது. மூன்று வருடம் முன்னால் காலேஜ் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையோடு வந்து நின்றீர்களே, அன்றைக்கும் அந்தச் செய்தியை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவர் நீங்கள்தான். இதையும் நீங்களே வந்து சேர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். காக்கியெல்லாம் வேண்டாம் மாமா, லுங்கியோடு இருக்கிறபடியே வாருங்கள்.